பூசுவதும் உண்பதும்

கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள கடைகளில் ஷாம்பூ வாங்கச் செல்லும் நண்பர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். சில புட்டிகளின் முகப்பில் "குளூட்டன் இல்லாதது" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ரொட்டிப் பொட்டலத்தில் அப்படி எழுதினால் பொருள் உண்டு. ஷாம்பூவை யாரும் குடிப்பதில்லையே! பின் எதற்காக இந்த அறிவிப்பு? வியாபாரத் தந்திரம் என்று தள்ளிவிடலாமா? அல்லது தலையில் தேய்ப்பதும் உடம்பில் பூசுவதும்கூடச் சிலருக்குத் தீங்கு செய்யுமா?

விடை அறிந்துகொள்ள வேண்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சீலியாக் நோய் உள்ள மாணவர் ஒருவர் விடுதிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உணவில் எதை நீக்க வேண்டும் என்பதை டாக்டர் சொல்லி அனுப்பிவிடுகிறார். ஆனால் பற்பசை, உதட்டுத் தைலம், அம்மா ஊரிலிருந்து அனுப்பிய நலங்கு மாவு, முதுகு வலிக்கு வைத்தியசாலையில் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அவர் எல்லாவற்றுக்கும் அஞ்சத் தொடங்குகிறார். அல்லது எதற்கும் அஞ்சாமல் இருந்துவிடுகிறார். இரண்டும் தவறு. எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதைக் கணக்குப் போட்டே கண்டுகொள்ளலாம்.

முதலில் பசையம் என்பது யாது எனப் பார்ப்போம். கோதுமை மாவைப் பிசைந்து, அந்த உருண்டையை நீரில் திரும்பத் திரும்பக் கழுவினால் மாச்சத்து வெண்மையாகக் கரைந்து போய்விடும். இறுதியில் ரப்பர் போல் இழுபடும் ஒரு பொருள் கையில் மிஞ்சும். அதுவே குளூட்டன், தமிழில் பசையம் என்பர். சப்பாத்தி கிழியாமல் விரிவதும், பாவ் பஞ்சுபோல் உப்புவதும் இதன் செயலே. கிளையடின், குளூட்டெனின் என்னும் இரு புரத வகைகள் சேர்ந்தது இது. பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் இதன் உறவினமான புரதங்கள் உண்டு. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், உளுந்து, பயறு, கடலை ஆகியவற்றில் இது இல்லை.

பெரும்பாலோருக்குப் பசையம் ஒரு கெடுதலும் செய்யாது. குறிப்பிட்ட மரபுக்கூறு உடையவர்களில் ஒரு சிலருக்கு மட்டும், பசையம் சிறுகுடலை அடைந்ததும், உடலின் எதிர்ப்பாற்றல் தன் குடலையே பகையாக எண்ணித் தாக்கத் தொடங்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டு உணவின் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிவிடுகின்றன. உண்டது உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், இரத்தசோகை, எலும்பு நலிவு, குழந்தைகளாயின் வளர்ச்சிக் குறைவு எனப் பல வடிவங்களில் நோய் வெளிப்படும். சிலரிடம் ஆறாத இரத்தசோகை ஒன்றே அடையாளமாக இருக்கும்.

இதற்குக் காரணம் கோதுமை என்பதை நிலைநாட்டியவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லம் கரெல் டிக்கே. லண்டனில் சாமுவேல் ஜீ என்பவர் 1888-லேயே நோயைத் தெளிவாக வருணித்து, குணமாகுமெனின் உணவாலேயே குணமாகும் என்றும் கருதினார். எந்த உணவு என்பதுதான் தெரியவில்லை. டிக்கே 1930-களிலேயே கோதுமைமேல் ஐயம் கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் பிடியிலிருந்த ஹாலந்தில் கொடும் பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்காத அந்நாட்களில், ஊரெல்லாம் மெலிய, இந்நோயுற்ற குழந்தைகள் தேறினார்கள்; ரொட்டி திரும்பியதும் மீண்டும் நலிந்தார்கள். இதையெல்லாம் ஆராய்ந்து அவர் தம் ஆய்வேட்டை 1950-ல் அளித்தார். இன்றளவும் மருந்து அதுவேதான்: வாழ்நாள் முழுவதும் பசையத்தை விலக்குதல்.

"இதெல்லாம் கோதுமை தின்னும் நாட்டாருக்கு, அரிசி உண்ணும் நமக்கென்ன?" என்று கேட்கத் தோன்றும். நம் இல்லங்களில் இக்கேள்விதான் நோயை மறைத்து வைக்கிறது. 1966-ல் வட இந்தியக் குழந்தைகளிடம் காணப்பட்ட சீலியாக் நோயைப் பற்றிப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. தென்னாட்டில் உணவுச் சத்து ஒட்டாமற் போகும் நோய் என்றால் அக்காலத்தில் முதலில் நினைவுக்கு வந்தது ஸ்ப்ரூ. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அதைப் பற்றி விரிவான ஆராய்ச்சிகள் நடந்தன. ஆகவே சீலியாக் வடக்கத்தி நோய் என்னும் எண்ணம் நிலைத்துப் போயிற்று.

அந்த எண்ணத்தில் உண்மை இல்லாமலில்லை. 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் ஹரியானா, அசாம், வேலூர் ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்தார்கள். வடக்கே ஆயிரம் பேருக்கு எட்டரைப் பேர் வீதம் நோய் இருந்தது. வேலூர்ப் பகுதியில் ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒருவருக்கே இருந்தது. ஆனால் அதே ஆராய்ச்சியின் வேறொரு செய்தியை நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். நோய்க்கு இடங்கொடுக்கும் மரபுக்கூறு வடக்கே நூற்றுக்கு 38 பேரிடம் இருந்தது. தெற்கே 36 பேரிடம் இருந்தது. வேறுபாடு மிகச் சிறிது. பெரிய வேறுபாடு தட்டில் இருந்தது: வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை 455 கிராம்; தெற்கே 25 கிராம்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் தமிழரின் தட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை நண்பர்கள் தாமே சொல்லிக்கொள்ளலாம். காலையில் பாவ், விடுதியில் இருவேளையும் சப்பாத்தி, மாலையில் வடா பாவ். தெலங் சாலைப் பக்கம் போய் "நம் ஊர்ச் சாப்பாடு" என்று ரவா தோசையை வரவழைத்தால் அதிலும் கோதுமை ரவையும் மைதாவும். மரபுக்கூறு உடையவர்களிலும் மிகச் சிலருக்கே நோய் வரும். ஆயினும் தமிழர் என்பதாலேயே ஒருவர் இதற்கு அப்பாற்பட்டவர் ஆகிவிடமாட்டார்.

இனி நம் கேள்விக்கு வருவோம். பசையம் தோல் வழியே உள்ளே செல்லுமா?

மனிதத் தோல் அருமையான மதில். அதன் மேலடுக்கு உயிரற்ற செதில்களை அடுக்கி, இடையில் கொழுப்பைப் பூசிக் கட்டிய செங்கற்சுவர் போன்றது. மூலக்கூற்றின் எடை 500 டால்டனுக்கு மேற்பட்டால், பழுதற்ற தோலைக் கடப்பது மிக அரிது என்பது மருந்தியலார் கையாளும் கணக்கு. கிளையடினின் எடையோ ஏறத்தாழ 30,000 டால்டனும் அதற்கு மேலும். அன்றியும், சீலியாக் நோயின் போர்க்களம் சிறுகுடலின் சுவர். பசையம் அங்குச் சென்று சேர்ந்தாலன்றிப் போர் தொடங்காது. ஆகவே முழங்காலில் பூசிய களிம்பு முழங்காலோடு நிற்கும். ஷாம்பூவில் கோதுமைப் புரதம் இருந்தாலும், அது தலையில் இருந்து நீரோடு போய்விடும்.

இவ்விடத்தில் ஒரு மயக்கம் நேர்வதுண்டு. சீலியாக் நோயின் இனத்தைச் சேர்ந்த தோல்நோய் ஒன்று இருக்கிறது. முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் கொத்துக் கொத்தாகச் சிறு கொப்புளங்கள் எழும். அரிப்புத் தாங்க முடியாது. பிலடெல்பியாவில் லூயி டூரிங் என்னும் மருத்துவர் 1884-ல் இதை வருணித்து, டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிபார்மிஸ் என்று பெயரிட்டார். இந்நோயாளருக்குக் குடலிலும் பழுது உண்டு என்பது 1960-களில் தெரியவந்தது. இது வந்தவர் என்ன செய்வார்? சோப்பின்மேல் பழி போடுவார். ஒரு சோப்பை விட்டு மற்றொன்று, எண்ணெயை மாற்றி வேறு எண்ணெய் என அலைவார். உண்மையில் அந்தக் கொப்புளத்துக்கு வித்து அவர் தின்ற ரொட்டியில் இருக்கிறது. குடலில் பிறந்த எதிர்ப்பொருள் இரத்தத்தில் ஊர்ந்து தோலில் வந்து தங்கி இந்த வேலையைச் செய்கிறது. தோலில் தெரிவதெல்லாம் தோலில் பூசியதால் வந்ததன்று.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஜப்பானில் நடந்தது. "தேநீர்த் துளி" எனப் பொருள்படும் பெயருடைய முகச் சோப்பு ஒன்று அங்கு 2004 முதல் 2010 வரை பெருவாரியாக விற்றது. நுரை நன்றாக வருவதற்காக அதில் அமிலத்தால் அரைகுறையாகச் சிதைத்த கோதுமைப் புரதத்தைச் சேர்த்திருந்தார்கள். அந்நுரை நாள்தோறும் கண்ணிலும் மூக்கிலும் பட்டது. அதுவரை கோதுமையைத் தாராளமாக உண்டுவந்தவர்கள், ஒருநாள் நூடுல்ஸோ ரொட்டியோ உண்டபின் முகம் வீங்கி மூச்சுத் திணறி விழுந்தார்கள். 2000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். 2011-ல் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் ஒரு விதி செய்தது: அழகுப் பொருள்களில் சேர்க்கும் சிதைத்த கோதுமைப் புரதத்தின் துண்டுகள் சராசரி 3500 டால்டனுக்கு மேற்படக் கூடாது.

ஆனால் அவர்களுக்கு வந்தது சீலியாக் அன்று, கோதுமை ஒவ்வாமை. இரண்டும் வேறு. ஒவ்வாமை நிமிடக் கணக்கில் வந்து தாக்கும்; அதற்குத் தோலும் கண்ணும் மூக்கும் வாயில்கள் ஆகலாம். சீலியாக் மெல்ல அரிக்கும். அதற்கு வாயில் வாய் ஒன்றே. கோதுமை ஒவ்வாமை உள்ளவரும், படை நோயால் தோல் வெடித்துப் புண்ணான குழந்தைகளும் கோதுமைப் பூச்சை விலக்க வேண்டும். சீலியாக் உள்ளவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இது என் வாய்க்குப் போகுமா? போனால் எவ்வளவு போகும்?"

எவ்வளவு என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 2007-ல் வெளியான இத்தாலிய ஆராய்ச்சி ஒன்றில் நோயாளருக்குத் தினமும் 50 மில்லிகிராம் பசையம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்ததில் குடலுறிஞ்சிகள் பழுதுபட்டன. நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே நிற்பது பெரும்பாலோருக்குப் பாதுகாப்பு எனக் கொள்கிறார்கள். பத்து மில்லிகிராம் எவ்வளவு சிறிது என்பதை உணர ஒரு சப்பாத்தியை எடுத்துக்கொள்வோம். அதில் 30 கிராம் மாவு. பசையம் ஏறத்தாழ 2500 மில்லிகிராம். அதை இருநூற்றைம்பது துண்டாகக் கிள்ளினால் ஒரு துண்டு நம் எல்லை. உணவுப் பண்டத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படாமல் இருந்தால்தான் "குளூட்டன் இல்லாதது" என்று எழுதலாம் என்பது நம் நாட்டுச் சட்டமும் உலக அளவிலான நெறியுமாகும்.

இந்த அளவுகோலை உதட்டுச் சாயத்தின்மேல் வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவில் எடுத்த கணக்குப்படி, சாயம் பூசும் பெண் ஒருவர் நாளொன்றுக்குப் பயன்படுத்தும் அளவு சராசரி 24 மில்லிகிராம். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு கோதுமைப் புரதம் இருக்கிறதென்றும், பூசியது முழுவதும் வயிற்றுக்குள் போய்விட்டதென்றும் கொண்டாலும், கிடைப்பது கால் மில்லிகிராம் கூட இல்லை. பற்பசையில் ஒரு கிராம் எடுத்து, துப்பாமல் விழுங்கினாலும், அதில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் பசையம் இருந்தால் வயிற்றில் சேர்வது 0.02 மில்லிகிராம். இத்தாலியில் பற்பசை, வாய் கொப்பளிக்கும் நீர், உதட்டுத் தைலம், உதட்டுச் சாயம் என 66 பொருள்களைச் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். 62-ல் பசையம் எல்லைக்குள் இருந்தது. மூன்று பற்பசையும் ஒரு உதட்டுத் தைலமும் மட்டும் எல்லையைத் தாண்டின.

எனவே இவற்றால் பெருங்கேடு வந்துவிடாது என்பது கணக்கில் தெரிகிறது. ஆயினும் உதட்டிற்கும் பல்லிற்கும் உரியவற்றில் பசையமற்றதைத் தேர்ந்து கொள்வதே நன்று என்பேன். அவை வாய்க்கென்றே செய்தவை, நாள் தவறாமல் வருபவை, மாற்றிக்கொள்வதும் எளிது. பசையமற்ற பற்பசை கிடைக்காத ஊரில் இரண்டு நாள் தங்க நேர்ந்தால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மேல்நாட்டு நூல்கள் கருதாத ஒன்று நமக்கு உண்டு. நாம் கையால் உண்பவர்கள். கையிலும் நகக்கண்ணிலும் ஒட்டியது எதுவாயினும் ரசம் சாதத்தோடு சேர்ந்து உள்ளே போகும். கரண்டி பிடிப்பவருக்குக் கைக்களிம்பு கைக்களிம்பாகவே இருக்கும்; நமக்கு அது பாதி உணவு. கோதுமை முளை எண்ணெய் சேர்ந்த களிம்பைப் பூசிய கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே இலைமுன் உட்கார வேண்டும். கழுவிவிட்டால் போதும், அதற்கு மேல் அச்சம் வேண்டா.

எண்ணெய்க் குளியலும் மாலிஷும் நம் வாழ்வோடு ஒட்டியவை. தீபாவளி விடியலில் நாம் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கும் அதே வேளையில், அடுத்த வீட்டு மராட்டியர் எண்ணெயும் உட்டணே என்னும் வாசனைப் பொடியும் தேய்த்து அப்யங்க ஸ்நானம் செய்கிறார்கள். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், கடுகெண்ணெய் இவற்றில் பசையம் இல்லை. சீயக்காய், அரப்பு ஆகியவற்றிலும் இல்லை. சௌபாட்டிக் கடற்கரையில் எண்ணெய்ப் புட்டியோடு கூவிச் செல்லும் மாலிஷ்காரரிடம் தலையைக் கொடுப்பதால் சீலியாக் நோயாளருக்கு வரும் தீங்கு ஒன்றுமில்லை. மற்றத் தீங்குகளுக்கு நான் பொறுப்பல்ல.

வைத்தியசாலைத் தைலங்கள் கொஞ்சம் நுட்பமானவை. பிள்ளை பெற்ற தாய்மார்க்கும் வாத நோயினர்க்கும் தேய்க்கும் தன்வந்தரம் தைலம் அஷ்டாங்க ஹிருதயத்தில் சொல்லப்பட்டது. அதன் கஷாயச் சரக்குகளில் யவம், கோலம், குலத்தம் மூன்றும் வருகின்றன. கோலம் இலந்தை, குலத்தம் கொள்ளு, யவம் பார்லி. பார்லி என்றால் பசையம்! ஆனால் திடுக்கிட வேண்டியதில்லை. சரக்குகளை நீரில் காய்ச்சி, அக்கஷாயத்தை எண்ணெயோடு சேர்த்து நீர் வற்றும்வரை காய்ச்சி, துணியில் வடிக்கிறார்கள். புரதம் எண்ணெயில் கரையும் பொருள் அன்று. பெரும்பகுதி துணியில் தங்கும் சக்கையோடு போய்விடும். மிஞ்சியது உடம்பின்மேல் நிற்கும். கவனிக்க வேண்டியது வேறு: இதே தன்வந்தரத்தை நூற்றொரு முறை பாகம் செய்து, உள்ளுக்குச் சாப்பிடும் சொட்டு மருந்தாகவும் விற்கிறார்கள். பெயர் ஒன்றே, வழி வேறு. பூசுவதை ஒப்புக்கொண்டவர் உண்பதையும் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக் கூடாது. வைத்தியரிடம் நோயைச் சொல்லி விலக்கிக்கொள்ள வேண்டும். க்ஷீரபலா தைலத்தில் குறுந்தொட்டி வேரும் பாலும் நல்லெண்ணெயும் மட்டுமே. அதில் இந்த ஐயத்துக்கே இடமில்லை. நவரக்கிழியில் வைத்துத் தேய்ப்பது நவரை அரிசி, அதிலும் இல்லை.

எண்ணெயைவிடப் பொடியே எனக்குப் பெரிதாகப் படுகிறது. உடல் பருத்தவர்க்கும் வாதம் கண்டவர்க்கும் உலர்ந்த பொடியால் அழுத்தித் தேய்ப்பதுண்டு. அதற்கென்று கோலகுலத்தாதி சூர்ணம் என ஒன்று. சரக சம்ஹிதையிலிருந்து வருவது. இலந்தை, கொள்ளு, தேவதாரு, அரத்தை, உளுந்து, ஆளிவிதை, கோஷ்டம், வசம்பு, சதகுப்பை முதலியவற்றோடு யவ மாவும் சேரும். பத்தில் ஒரு பங்கு பார்லி என்று கொள்வோம். நூறு கிராம் பொடியைத் தேய்த்தால் அதில் பத்துக் கிராம் பார்லி. பசையப் புரதம் ஏறத்தாழ 400 மில்லிகிராம். பொடி எண்ணெயைப் போல் ஒட்டி நிற்பதில்லை, பறக்கிறது. மூக்கில் ஏறிய தூள் தொண்டையில் இறங்கி வயிற்றுக்குத்தான் போகும். நாற்பதில் ஒரு பங்கு போனாலும் பத்து மில்லிகிராம், நம் எல்லை, வந்துவிட்டது. உதட்டுச் சாயத்தை நாற்பது நாள் விழுங்கினாலும் வராத அளவு இது.

இது வெறுங்கற்பனை அன்று. 2007-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இரு உழவர்களைப் பற்றிய செய்தி வந்தது. சீலியாக் நோயினரான அவர்கள் உணவில் பசையத்தை முற்றும் விலக்கியும் தேறவில்லை. ஆராய்ந்ததில், கால்நடைத் தீவனம் கலக்கும்போது எழுந்த தானியத் தூளை நாள்தோறும் சுவாசித்து விழுங்கி வந்தது தெரிந்தது. தூளைத் தவிர்த்தபின் தேறினர்.

ஆகவே மாலிஷ் மேடையில் படுத்திருப்பவரைவிட, நின்று தேய்ப்பவர்க்கே ஆபத்து அதிகம். படுத்திருப்பவர் மாதத்தில் ஏழு நாள் படுப்பார். தேய்ப்பவர் நாளொன்றுக்கு நான்கு பேருக்குத் தேய்ப்பார். இடுப்பில் எண்ணெய் நிறுத்தும் கடிவஸ்திக்கு உளுந்து மாவால் வரப்புக் கட்டுவதே முறை; மலிவும் எளிமையும் கருதிச் சில இடங்களில் கோதுமை மாவைப் பிசைந்து கட்டுகிறார்கள். அழகு நிலையங்களில் கோதுமைத் தவிடு கலந்த முகப்பூச்சைக் குழைப்பதும் கையால்தான். இத்தொழில்களில் இருக்கும் நம் பெண்களில் யாருக்கேனும் சீலியாக் இருந்தால், முகத்தில் துணி கட்டிக்கொள்வதும், உளுந்து மாவைக் கேட்டு வாங்குவதும், உண்பதற்குமுன் முழங்கைவரை கழுவுவதும் பயன் தரும்.

மும்பையில் பிறந்த குழந்தைக்கு மாலிஷ் செய்ய வீட்டுக்கு வரும் பாய்மார் பலர், கோதுமை மாவை எண்ணெய் விட்டுப் பிசைந்து உருண்டையாக்கிக் குழந்தையின் உடம்பில் உருட்டுவார்கள்; பூனைமயிர் உதிரும் என்பது நம்பிக்கை. தமிழ்க் குடும்பங்களும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டன. 2003-ல் இங்கிலாந்தில் செய்த ஆராய்ச்சியில், நிலக்கடலை எண்ணெய் சேர்ந்த களிம்பைப் புண்பட்ட தோலில் பூசிய குழந்தைகளிடம் கடலை ஒவ்வாமை மிகுதியாகக் காணப்பட்டது. படை வந்த குழந்தைக்கு இந்த உருண்டையை நான் விலக்கச் சொல்வேன். குடும்பத்தில் தாய்க்குச் சீலியாக் இருந்தால், அந்தக் கையும் அந்தத் துண்டும் அவள் சாப்பாட்டுப் பக்கம் வராமல் இருக்க வேண்டும். கடலை மாவு உருண்டை அதே வேலையைச் செய்யும். குழந்தையின் வயிற்று உப்புசத்துக்குத் தொப்புளைச் சுற்றிப் பாட்டி குழைத்துப் பூசும் பெருங்காயமும் இங்கே நினைவுக்கு வரும். கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதாவைச் சேர்க்கிறார்கள். பூசினால் குற்றமில்லை, சீலியாக் உள்ளவர்க்கு அதே டப்பியிலிருந்து சாம்பாரில் போடுவதுதான் குற்றம். அரிசி உணவிலும் கோதுமை ஒளிந்துகொள்ளும் இடம் இது.

நலங்கு மாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பயத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ் என எதை எடுத்தாலும் பசையம் இல்லை. ஆனால் அரைப்பது எங்கே? காலை முதல் மாலை வரை கோதுமையே ஓடும் சக்கியில் நம் பருப்பையும் போட்டு எடுத்தால், கல்லில் தங்கியிருந்த கோதுமை மாவும் கூடவே வரும். உடம்புக்குத் தேய்ப்பதாயின் பெரிதில்லை. முகத்துக்குக் குழைக்கும்போது உதட்டில் படும். அதே சக்கியில் அரைத்த கேழ்வரகு மாவையும் அரிசி மாவையும் "கோதுமை இல்லாதது" என்று நம்பி நோயாளர் உண்பதுதான் நலங்கு மாவைவிட நூறு மடங்கு கவலைக்குரியது. வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள்வது நல்லது.

கடையில் வாங்குவதற்கு முகப்பெழுத்தை நம்பாமல் பின்புறச் சிற்றெழுத்தைப் படிக்கப் பழக வேண்டும். அங்கே கோதுமை தன் ஊர்ப்பெயரோடு வராது. டிரிட்டிகம் வல்கரே என்று லத்தீன் வேடத்தில் வரும். பார்லி ஹோர்டியம் வல்கரே. ரை செகாலே செரியாலே. ஓட்ஸ் அவெனா சடைவா. அதில் பசையம் இயல்பாக இல்லையாயினும், வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடும். சிதைத்த கோதுமைப் புரதம் ஹைட்ரோலைஸ்டு வீட் புரோட்டீன் என்றும், சில சமயம் ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன் என்று தாவரத்தின் பெயர் சொல்லாமலும் வரும். ஆயுர்வேதச் சரக்கில் யவ, கோதூம என்னும் வடமொழிப் பெயர்களைத் தேட வேண்டும்.

சட்டம் இங்கே நோயாளரைப் பாதி வழியில் விட்டுவிடுகிறது. உணவுப் பொட்டலத்தில் பசையமுள்ள தானியம் இருந்தால் அறிவிக்க வேண்டும் என்பது விதி. அழகுப் பொருள்களுக்கான 2020-ஆம் ஆண்டு விதிகள் சரக்குப் பட்டியலைக் கேட்கின்றன. பசையத்தைத் தனியே அறிவிக்கச் சொல்வதில்லை. அதுவும் 60 மில்லிலிட்டருக்குக் குறைந்த திரவத்துக்கும், 30 கிராமுக்குக் குறைந்த திடப் பொருளுக்கும் பட்டியல் வேண்டா என்று விலக்கு அளித்திருக்கிறார்கள். உதட்டுத் தைலக் குச்சியின் எடை என்ன? நாலைந்து கிராம். அரைக்கிலோ உடற்களிம்புக்குப் பட்டியல் உண்டு, அது வாய்க்குப் போகாது. வாய்க்குப் போகும் குச்சிக்குப் பட்டியல் கட்டாயமில்லை! அத்தகைய பொருளுக்கு நேரே தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்பதே வழி. எண்ணெய், சோப்பு, உணவு ஆகிய தொழில்நுட்பங்களைப் பயிலும் நண்பர்கள் மாட்டுங்காவில் பலர். 1933-ல் தொடங்கிய நம் வேதித் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் படித்தவர்கள் இத்தொழிற்சாலைகளில் அமர்ந்திருக்கிறார்கள். என்ன கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்: புரதம் எந்தத் தானியத்தது, எவ்வளவு, சோதித்தார்களா.

கடைசியாக ஒன்று. இதைப் படித்துவிட்டு, "எனக்கும் வயிறு உப்புகிறது, இரத்தசோகை ஆறவில்லை" என்று ஐயுறும் நண்பர் நாளை முதல் சப்பாத்தியை நிறுத்திவிடக் கூடாது. முதற்சோதனை, டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதிக்கு எதிராக இரத்தத்தில் தோன்றும் எதிர்ப்பொருளைத் தேடுவது. தேவையானால் பிறகு குடலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். கோதுமையை நிறுத்திச் சில வாரங்கள், மாதங்கள் போனால் எதிர்ப்பொருள் குறைந்துவிடும், குடலும் தேறத் தொடங்கும். நோய் இருந்தும் சோதனை இல்லை என்று சொல்லிவிடும். சோதனை முடியும்வரை வழக்கம்போல் உண்ண வேண்டும். தலைக்கு எந்த ஷாம்பூ என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.